மதகைத் திறக்கும் கருவிக்கு எழுதிய குறிப்பு

என் வேலை என்ன என்பதை அக்காவுக்குக் கடைசிவரை என்னால் புரியவைக்க முடியவில்லை. நானும் சொல்லாமல் இல்லை. இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள், முடித்ததும் சிரிப்பாள். "மிசினுக்கு நீ லெட்டர் எழுதறே, அதானே? எழுது, எழுது. பதில் போட்டா சொல்லு."

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் ஆவணப் பிரிவில் இருந்தேன். எந்தத் தொழிற்சாலை என்று சொல்லப் போவதில்லை. எந்த இயந்திரத்தை எப்படி ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று ஆட்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. அப்புறம் ஏஐ ஏஜென்ட் வந்தது. அதற்கும் நானே எழுத வேண்டும் என்றார்கள். ஏஜென்ட் என்றதும் இரும்புக் கை கால் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருள், அவ்வளவுதான். அதன் கையில் சில கருவிகளைக் கொடுப்பார்கள். குளத்தின் நீர்மட்டத்தைப் பார்க்க ஒன்று, கரையில் இருக்கும் கேமராவைப் பார்க்க ஒன்று, ஆலைச் சங்கு ஊத ஒன்று, மதகைத் திறக்க ஒன்று. எதை எப்போது எடுப்பது என்று அதுவே முடிவு செய்யும். அப்படி முடிவு செய்ய அதற்குத் துணை, ஒவ்வொரு கருவியின் மேலும் எழுதியிருக்கும் நாலைந்து வரி. அந்த வரிகளை எழுதுவது என் வேலை. ஆங்கிலத்தில்தான் எழுதினோம், இங்கே தமிழில் சொல்கிறேன்.

மதகைப் பற்றிச் சொல்லாவிட்டால் எதுவும் விளங்காது. தொழிற்சாலையில் சூடேறிய தண்ணீர் பெரிய குளமொன்றில் தேங்கும். குளம் நிறைந்து, கழிமுகத்தில் நீர் வற்றும் நேரமும் சேர்ந்து வந்தால் மதகைத் திறந்து வெளியே விடுவார்கள். சும்மா வெதுவெதுப்பு என்று நினைக்காதீர்கள். சில நாள் விரலை வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும்படி இருக்கும். சூட்டைவிட வேகம் மோசம். நிற்கிற ஆளைக் காலை வாரிச் சேற்றுக்குள் அழுத்திவிடும். அந்த மதகின் வாயில்தான் எங்கள் குப்பத்துப் பெண்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, சேற்றுக்குள் கையை விட்டு இறால் தடவினார்கள். வேறு இடம் இல்லாமல் இல்லை. மற்ற இடத்தில் எல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து அடித்தரை சிமெண்டு போல இறுகிவிட்டது. மதகுத் தண்ணீர் அரித்து அரித்து அந்த ஒரு இடத்தில் மட்டும் சேறு மிருதுவாக இருந்தது, இறாலும் இருந்தது.

அந்தப் பெண்களில் அக்காவும் ஒருத்தி. அம்மா போன பிறகு அந்தச் சேற்றைத் தடவித்தான் என்னைப் படிக்க வைத்தாள். நான் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகும் நிறுத்தவில்லை. எத்தனையோ தடவை சண்டை போட்டேன். "வூட்ல குந்திகினு இன்னா பண்ண சொல்றே, உன் மூஞ்ச பாத்துகினா?" என்பாள். ஆகவே மதகைத் திறக்கும் கருவிக்கு நான் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது, அந்த வரிகளுக்கு அந்தப் பக்கம் கழுத்தளவு நீரில் என் அக்கா இருந்தாள். ஆபீசில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களோ என்று சொல்லவில்லை. அந்த வரிகளை வேறு ஆள் எழுத நான் விடுவதாக இல்லை.

ஏஜென்ட் வருவதற்கு முன் மதகுக்கு ஒரு ஆபரேட்டர் இருந்தார். ஷட்டர் மாமா என்போம். பாதி நேரம் போனில் படம் பார்த்துக்கொண்டிருப்பார், மீதி நேரம் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். மதகுக்குப் பக்கத்தில், சாத்தாங்காட்டு இரும்புக் கடையிலிருந்து யாரோ எப்போதோ கொண்டுவந்த தண்டவாளத் துண்டு ஒன்று கம்பியில் தொங்கியது. திறப்பதற்கு முன் ஸ்பேனரால் அதைப் போட்டு அடிப்பார். அடித்துவிட்டுக் கரையில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். முங்கி முங்கி எழுகிற தலைகளை யாராலும் எண்ண முடியாது. செருப்பை எண்ணலாம். எங்கள் பெண்கள் செருப்பை விசிறிவிட்டு இறங்க மாட்டார்கள். ஜோடி சேர்த்து, குதிகால் பக்கம் தண்ணீரைப் பார்க்க வைத்துவிட்டு இறங்குவார்கள். ஈரக் காலோடு ஏறி வந்ததும் அப்படியே நுழைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடக்கலாம்.

ஒரு ஜோடி மிச்சம் இருந்தாலும் மாமா மதகில் கை வைக்க மாட்டார். "ஏ பச்ச செருப்பு! உள்ள இன்னாமே பண்ணிகினு கீறே? வெந்து சாவப் போறியா? ஏறுமே மேல!" பச்சைச் செருப்பு என்றால் என் அக்கா. ஒருத்தி பெயரும் அவருக்குத் தெரியாது, செருப்பின் நிறத்தைச் சொல்லித்தான் திட்டுவார். அக்கா எப்போதும் பச்சை ரப்பர் செருப்புதான் வாங்குவாள். வார் அறுந்தால் மறுபடியும் அதே பச்சை. அவளும் சும்மா இருக்க மாட்டாள், "வரேன் இரு, உன் பொண்டாட்டியா நானு, இப்படி கூப்புட்றே?" என்று கத்திக்கொண்டே ஏறுவாள். மாமாவை ஏதோ தர்மவான் என்று நினைக்க வேண்டாம். யாராவது செத்தால் போலீஸ் தன்னைத்தான் பிடிக்கும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தில் எங்கள் பெண்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

செருப்பைப் பார்க்கும் இந்த வழக்கம் எந்தக் கையேட்டிலும் இல்லை. 'எச்சரிக்கை செய்தபின் திறக்கவும்' என்ற ஒரு வரி இருந்தது. ஏஜென்ட் வந்ததும் மாமாவின் காண்டிராக்டைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். அவர் அத்திப்பட்டில் வேறு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டார். தண்டவாளத் துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏஜென்டை நிறுவ ஒரு ஐடி கம்பெனியிலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்தார். வேளச்சேரிப் பக்கத்துப் பையன், தங்கமான குணம். "அதுக்குன்னு தனியாக் கண்ணு கிடையாது மேடம். நீங்க எழுதுறதுதான் அதுக்குக் கண்ணு" என்று முதல் நாளே சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. எனக்கு ஏனோ உடம்பு கூசியது.

அந்தக் கூச்சம் வீணில்லை என்பது சோதனை ஓட்டத்திலேயே தெரிந்தது. நீர்மட்டக் கருவிக்கு அவர் எழுதியிருந்த குறிப்பு ஒரே வரி: 'குளத்தின் நீர்மட்டத்தை மீட்டரில் தரும்.' அந்த சென்சார் குளத்துக்கு மேலே தொங்குகிறது. தனக்கும் தண்ணீருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்றுதான் அது அளக்கிறது. தண்ணீர் ஏற ஏற எண் குறையும். ஏஜென்ட் சின்ன எண்ணைப் பார்த்தது. குளம் வற்றிக் கிடக்கிறது, திறக்கத் தேவையில்லை என்று மரியாதையாக எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டது. அப்போது குளம் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'எண் சிறியதானால் குளம் நிறைந்துள்ளது என்று பொருள். விடை வராவிட்டால் சென்சார் பழுது, அதைப் பூஜ்யமாகக் கொள்ளக் கூடாது' என்று எழுதினேன். மறுநிமிஷமே சரியாக நடந்துகொண்டது. எத்தனையோ வருஷம் கையேடு எழுதியிருக்கிறேன், யாரும் முழுசாகப் படித்ததில்லை. இது ஒன்றுதான் ஒரு எழுத்து விடாமல் படித்தது, படித்ததை அப்படியே நம்பியது. எனக்கு அது பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது.

அடுத்தது கேமரா. 'மதகுப் பகுதியில் உள்ளவர்களின் எண்ணிக்கையைத் தரும்' என்று இருந்தது. இன்ஜினியரைக் கையோடு கரைக்கு அழைத்துப் போனேன். நல்ல வெயில். கழிமுகம் தகரம் மாதிரி பளபளத்தது.

"யாராவது இருக்காங்களா, பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

கண்ணுக்கு மேல் கையை வைத்து நிதானமாகப் பார்த்தார். "யாருமே இல்லையே மேடம். தேங்கா மட்டைதான் மிதக்குது."

தேங்காய் மட்டைகளில் ஒன்று திரும்பி, "இன்னாடி, யாரு இது? மாப்ளயா?" என்று என் அக்காவின் குரலில் கேட்டது. மற்ற மட்டைகளும் சிரித்தன. அவருக்கு முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். அன்று அவரே என் பக்கத்தில் உட்கார்ந்து வரிகளைத் திருத்தினார். 'கரையில் இருப்பவர்களை மட்டும் எண்ணும். நீருக்குள் இருப்பவர்கள் இதற்குத் தெரியமாட்டார்கள். விடை பூஜ்யம் என்பதால் ஆள் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.'

சங்குக்கு 'அருகில் இருப்பவர்களை வெளியேற்றும்' என்று இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சங்கு எப்படி ஆளை வெளியேற்றும்? எங்கள் பக்கம் விடிந்தால் சங்கு, ஷிப்டு மாறினால் சங்கு, துறைமுகத்தில் கப்பல் அசைந்தால் சங்கு. எந்த சங்கு யாருடையது என்று பார்க்க யாரும் தலையைத் திருப்புவதில்லை. தண்டவாளச் சத்தம் கேட்டால் மட்டும்தான் எங்கள் பெண்கள் எழுவார்கள். 'ஒலி எழுப்பும். யாராவது வெளியேறினார்களா என்பது இதனால் தெரியாது' என்று மாற்றினேன்.

கடைசியாக மதகு. அதில்தான் செருப்பை எழுதினேன். 'திறந்தபின் நிறுத்த நேரமாகும். அதற்குள் நீரில் இருப்பவர் இறக்கக்கூடும். கரையில் செருப்பு தெரிந்தால் நீரில் ஆள் இருப்பதாகக் கொள்ள வேண்டும். திறக்கக் கூடாது.' கேமராவில் செருப்பை அடையாளம் காண இன்ஜினியர் ஏற்பாடு செய்து கொடுத்தார். இனி அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று அன்றைக்குத்தான் மனசு கொஞ்சம் ஆறியது.

ஆனால் முதல் தடவையே ஏஜென்ட் மதகைத் திறக்க மறுத்தது. சரியான காரணத்தோடு, மரியாதையாக மறுத்தது. 'கரையில் செருப்பு காணப்படுகிறது. நீரில் ஆள் இருக்கலாம்.' போய்ப் பார்த்தால் கடல் கொண்டுவந்து போட்ட ஒற்றைச் செருப்பு. எண்ணூர்க் கரையில் ஒற்றைச் செருப்புக்கா பஞ்சம்? மாமா அதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதனால் 'ஜோடியாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். 'ஜோடியாக, குதிகால் நீரைப் பார்த்து இருந்தால்.' அதன் பிறகு கச்சிதமாக நடந்தது. பெண்கள் இருந்தால் காத்திருந்தது, ஏறிப் போனதும் திறந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவுக்குப் பிடிக்கும் என்று ஜிலேபி வாங்கிப் போனேன்.

கொஞ்ச நாளில் எங்கள் வீட்டு வாசலில் கிடந்த பழைய செருப்புகளைக் காணவில்லை. வார் அறுந்த பச்சைச் செருப்புகளை அக்கா தூக்கிப் போடவே மாட்டாள், ஊக்குக் குத்தி வைத்திருப்பாள். அத்தனையும் போயிருந்தன.

"செருப்புங்கள நாய் தூக்கினு பூட்ச்சா?" என்று கேட்டேன்.

"நாயி இல்லடி, நான்தான். மதகாண்ட வச்சிட்டு வந்தேன்."

"இன்னாத்துக்கு?"

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "உன் மிசினு செருப்ப பாத்தா தொறக்க மாட்டேங்குதுல்ல? நாங்க கண்டுபுட்சிட்டோம். அன்னிக்கு எல்லாரும் ஏறி வந்துட்டோம், கடேசி வூட்டுக்காரி மட்டும் செருப்ப மறந்துட்டு வெறுங்கால்ல வந்துட்டா. பொழுது சாயற வரிக்கும் தொறக்கல. அதான் ஆளுக்கு ரெண்டு மூணு ஜோடி பழசு கொண்டாந்து வரிசையா வச்சிட்டோம். இனிமே சுடுதண்ணியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாங்க பாட்டுக்கு தடவிகினே இர்க்கலாம்."

"அக்கா, செருப்பு இருந்தா உள்ள ஆள் கீதுன்னு அர்த்தம். ஆளே இல்லாம செருப்ப வச்சா, நெஜமாவே நீ உள்ள இர்க்கும்போது எவன் நம்புவான்?"

"மிசினு நம்புதுல்ல?"

"மிசினு நம்பும். அதுக்கு எழுதறவன் நம்பணுமே."

"எழுதறது நீதானடி" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்க எழுந்து போனாள்.

நான் கெஞ்சினேன், கத்தினேன். அன்று சாயங்காலம் நானே போய்க் கையில் அகப்பட்டதை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் அதைவிட நீளமாக வரிசை நின்றது. குப்பத்தில் அக்காவை எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மதகையே ஜெயித்துவிட்டாள் என்று பேச்சு. தண்ணீரில் இறங்குகிற பெண்களுக்கு எந்த நாளும் கிடைக்காத நிம்மதி அது, அவர்கள் மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. அவள் மேல் மட்டும் கோபப்பட்டேன்.

குளம் நிறைந்துகொண்டே வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் தன் போனில் வீடியோவைக் காட்டினார். ஆளில்லாத கரை, நீளமான செருப்பு வரிசை, மேலே வெயில்.

"பாருங்கம்மா. செருப்புக் கடையே வச்சிருக்காங்க. தண்ணி கரை மீறினா பிளான்ட்டையே நிறுத்தணும். இதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. "சார், சில செருப்பு பொய், சில செருப்பு நிஜம். ஏஜென்டால வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. செருப்பு தெரிஞ்சா ஒரு ஆளைக் கரைக்கு அனுப்பிப் பார்த்துட்டு வரச் சொல்லணும், அவர் வந்து சொன்ன பிறகுதான் திறக்கணும்னு எழுதுறேன்" என்றேன். என் அக்கா அங்கே இருப்பதையும் அன்று சொன்னேன்.

அவர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "ஆளை அனுப்பித்தான் பார்க்கணும்னா ஏஜென்ட் எதுக்கும்மா வாங்கினோம்?" என்றார். அப்புறம், "சரி, எழுதி வையுங்க. உட்கார்ந்து பேசலாம்" என்றார். எழுதி வைத்தேன். கையோடு என்னை லாரிகள் வரும் கேட்டின் கருவிகளுக்குக் குறிப்பு எழுத வேறு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். உட்கார்ந்து பேச யாரும் கூப்பிடவில்லை.

ஒரு நாள் காலையில் ஏதோ மனசு கேட்காமல் மதகின் குறிப்பைத் திறந்து பார்த்தேன். என் வரிகள் இல்லை. 'கரையில் கிடக்கும் செருப்புகள் குப்பை. பொருட்படுத்த வேண்டாம்' என்று இருந்தது. கேமராவின் குறிப்பு பழையபடி ஒரே வரிக்குச் சுருங்கியிருந்தது. சங்கின் குறிப்பிலும், அது மறுபடியும் ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தது.

இன்ஜினியருக்குப் போன் செய்தேன். "மேடம், குறிப்பு நீளமா இருந்தா அது ரொம்பத் தயங்குதுன்னு சார் சொன்னார். சுருக்கச் சொன்னார். உங்ககிட்ட பேசிட்டதா சொன்னாரே..." என்று இழுத்தார். "இப்பவே நிறுத்துங்க" என்று கத்தினேன். "சார்கிட்ட ஒரு வார்த்தை..." என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கழிமுகம் வற்றிக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீருக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள்.

ஓடினேன். கேட்டைத் தாண்டும்போதே சங்கு ஊதியது. தெருவில் யாரும் தலையைத் திருப்பவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் சங்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கரைக்கு வந்தபோது தண்ணீரில் தலைகள் தெரிந்தன, ஒன்றும் அசையவில்லை. மதகின் மோட்டார் உறுமத் தொடங்கியிருந்தது. ஸ்பேனர் இல்லை. கீழே கிடந்த சிமெண்டுக் கட்டியை எடுத்துத் தண்டவாளத் துண்டை அடித்தேன். மந்தமான சத்தம்தான் வந்தது. விடாமல் அடித்தேன். தலைகள் திரும்பின. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் பெண்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். மதகு திறந்து, ஆவி பறக்க வெள்ளையாகத் தண்ணீர் கொட்டியது.

மஞ்சள் செருப்பு ஏறினாள். நீலம் ஏறினாள். கடைசி வீட்டுக்காரி சேற்றில் விழுந்து எழுந்து வந்தாள். ஒவ்வொருத்தியாகச் செருப்பில் காலை நுழைத்தார்கள்.

"எங்கக்கா எங்க?"

"அவ அப்பவே பூட்டாளே" என்றாள் ஒருத்தி.

"எங்க போனா? மதகு வாயாண்ட குந்தினு இருந்தாளே" என்றாள் இன்னொருத்தி.

கரையில் இன்னும் நிறைய செருப்புகள் இருந்தன. வரிசையில் பச்சை மட்டுமே பல ஜோடி. எல்லாம் அக்காவுடையவை, எல்லாம் குதிகாலைத் தண்ணீரைப் பார்க்க வைத்தவை. அவள் இருக்கிறாளா, போய்விட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அந்த மென்பொருளைப் போலவே கரையில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் எந்தப் பொருளையும் வெளியே விட்டுவைக்க முடியாது. கொடியில் போட்ட துணியிலும், மூடாத குடத்திலும் மெல்லிசாகச் சாம்பல் வந்து உட்கார்ந்துவிடும். முட்டி போட்டுப் பச்சைச் செருப்புகளை ஒவ்வொன்றாகத் தடவினேன். விரலில் சாம்பல் வந்தது. அடுத்ததிலும் சாம்பல். ஊக்குக் குத்தியதில், தேய்ந்து ஓட்டை விழுந்ததில், எல்லாவற்றிலும் சாம்பல். அவள் போய்விட்டாள், வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நம்பத் தொடங்கினேன். வரிசையின் கடைசியில், கொஞ்சம் தள்ளி இருந்த ஜோடியைத் தொட்டேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

நீர் ஏறும் நேரத்தில் அலையாத்திச் செடிகளின் வேருக்குள்ளிருந்து அவளை எடுத்தார்கள். அதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

ஏஜென்ட் எழுதி வைத்திருந்ததை அப்புறம் விசாரணையில் வாசித்தார்கள். கரையில் ஆள் இல்லை. ஆட்களை வெளியேற்ற ஒலி எழுப்பப்பட்டது. கரையில் உள்ள செருப்புகள் குப்பை என்பதால் பொருட்படுத்தப்படவில்லை. மதகு திறக்கப்பட்டது. எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல் படித்து, அப்படியே நம்பியிருந்தது. மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வேளச்சேரிப் பையன் வெளியே போய் வாந்தி எடுத்தார். எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் கோபம் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. அவள் மேலும் இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னபோது அந்த முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் அடிக்க வேண்டும் போல வருகிறது.

அந்த வேலையை விட்டுவிட்டேன். வேறு வேலை தெரியாததால், வீட்டில் உட்கார்ந்து வேறு கம்பெனிகளுக்கு இதையேதான் எழுதுகிறேன். இந்தக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது, எப்போது எடுக்கக் கூடாது. நீளமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். நான் அதையே மறுபடியும் அனுப்புகிறேன்.

அந்தப் பச்சை ஜோடியை வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன், குதிகால் கழிமுகத்தைப் பார்க்கிற மாதிரி. பொழுது விடிந்தால் மேலே சாம்பல் படிந்திருக்கும். காப்பி போடுவதற்கு முன் ஈரத் துணியை எடுத்துப் போய் இரண்டையும் துடைத்துவிடுவேன்.